கழுவி வைத்த போத்தல்

என் தம்பிக்குக் காதில் குரல்கள் கேட்கும் நோய். பதுளை கிளினிக் மருந்தில் குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் ஆள் எந்நேரமும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். எடுக்கிற மலை தினமும் மாறும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி எந்த மலை என்று சொன்னதும், எங்கள் வரிசை வீட்டு லயத்தைக் கடந்து போகும்போது அதைத் தம்பியிடம் கத்திச் சொல்வேன். "அங்க தேத்தண்ணி கொண்டாடா!"

வரவே மாட்டான். மற்றப் பெண்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். சாயங்காலம் போனால் எங்கள் போத்தல் கழுவி வைத்தபடியே இருக்கும். "தின்னுட்டு எந்திரிக்காத சோம்பேறி" என்று லயமே கேட்க ஏசுவேன்.

ஒருநாள் மழை கொட்டியதால் சீக்கிரமே இறங்கினேன். மலைகளுக்குப் பாதை பிரியும் இடத்தில் தம்பி போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி நனைந்து நின்றான்.

"இங்க ஏன்டா நிக்கிற?"

"எந்த மலைன்னு மறந்துபோச்சுக்கா."

"தினமும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. ஆறிப்போனதும் கொட்டிட்டு, போத்தலைக் கழுவி வச்சிருவேன். வீணாக்கிட்டேன்னு நீ ஏசுவல்ல."

போத்தலை வாங்கி அங்கேயே குடித்தேன். எனக்குப் பிடிக்குமென்று இஞ்சி தட்டிப் போட்டிருந்தான். அதை மட்டும் அவன் மறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.