மாடி வெயிலில் காய்ந்த கொக்கிகள்

அண்ணன் வளைகுடாவில் வேலை பார்க்கிற ஊரில் பழைய சாமான் கடை ஒன்று உண்டு. அங்கேதான் அவன் பொம்மை ரயிலின் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கினான். வாங்கிய அன்றே வீடியோ காலில் மகளுக்குக் காட்டிவிடுவான். அரிமளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று பெயர் சொல்லுவாள்.

"எல்லாம் சேந்து எப்பப்பா ஓடும்?"

"அப்பா லீவுல வாரேன்ல, அப்ப ஓடும்."

லீவில் வந்தான். போனில் அவ்வளவு பேசியவள் நேரில் மதினியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பிஸ்கட்டுக்கும் மசியவில்லை, புதுக் கவுனுக்கும் மசியவில்லை. ரயில் ஓடினால் வந்துவிடுவாள் என்று அண்ணன் நம்பினான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் பெட்டிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. ஒன்றில் வளையம், இன்னொன்றில் நகம் மாதிரி மடங்கிய கொக்கி, உயரமும் வேறு வேறு. நான் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு உதிரி பாகங்கள் வரைந்து கொடுக்கிறேன். வரைந்ததை ரெசின் என்கிற பிசினில் நிஜப் பொருளாகவே அச்சிட்டுத் தருகிற பிரிண்டர் ஒன்றும் சொந்தமாக இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் பொருந்துகிற மாதிரி, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு கொக்கி வரைந்தேன். முதலில் அச்சிட்டது துளைக்குள் நுழையவில்லை. அடுத்தது நுழைந்தது, தண்டவாளத்தில் இடித்தது. அதற்கடுத்தது வளைவில் கழன்றது. லீவு கரைந்துகொண்டிருந்தது.

"ஊசிநூலை வச்சுக் கட்டிருவமா?" என்றான் அண்ணன்.

"கோணலா இழுக்கும்ணே. கொஞ்சம் பொறு."

"ஒன்ன வச்சு ஒங்க கம்பெனிக்காரன் எப்படித்தான் பொழைக்கிறானோ!"

அவன் கிளம்பும் நாள் காலையில்தான் கொக்கி சரியாக வந்தது. ரெசினில் அச்சாகி வரும் பொருள் முதலில் மெத்தென்று இருக்கும். ஸ்பிரிட்டில் கழுவி, வெயிலில் சில நிமிடம் காட்டினால் இறுகும். அதற்கென்று விளக்குப் பெட்டி விற்கிறார்கள். எங்கள் மாடி வெயில் போதும் என்று நான் வாங்கவில்லை. ஒன்றை வெயிலில் வைத்து எடுத்து மாட்டிப் பார்த்தேன். அழகாக வளைந்து கொடுத்தது. மற்றதைத் தட்டில் பரப்பும்போது ஆபீஸ் மீட்டிங்கிற்குக் கூப்பிட்டார்கள். தட்டைப் பேப்பரால் மூடி, தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்துவிட்டு இறங்கினேன்.

மீட்டிங் மதியம் வரை இழுத்தது. முடித்துவிட்டு எழுந்தபோது அம்மா தட்டோடு வந்தாள்.

"கொத்தவரங்கா வத்தல் போடப் போனேன். இது ஈரமா நெழல்ல கெடந்துச்சு. நல்லா சருகாக் காயட்டும்னு வத்தலோட வச்சேன். காக்கா கொத்தாம நானே காவலுக்கு இருந்தேன்டி."

கொக்கிகளில் மஞ்சள் ஏறியிருந்தது. அளவுக்கு மேல் வெயில் பட்டால் ரெசின் வளையாது, பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. அதையே மாட்டினோம்.

ரயில் நேர்த்தடத்தில் எல்லாப் பெட்டிகளோடும் ஓடியது. சேலைக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். அண்ணனின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள். அவன் மூச்சுக்கூட விடவில்லை. வளைவில் பட்டென்று ஒரு சத்தம், பிறகு பட் பட்டென்று வரிசையாக. எஞ்சின் மட்டும் தனியாகச் சுற்றி வந்தது. அவள் மதினியிடமே திரும்பிப் போய்விட்டாள்.

"சரி விடு," என்று அண்ணன் சிரித்தான். "நேரமாச்சு. அந்தப் பையை எடு."

"இன்னும் ஒரு நாள் காஞ்சிருக்கணுமோ?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றேன்.

எந்தப் பாகத்துக்கும் சரிபார்ப்புப் பட்டியல் போடுவது என் பழக்கம். துளை, தடிமன், உயரம், வளைவு எல்லாம் இதற்கும் போட்டிருந்தேன். அம்மா வத்தல் போடுகிற நாளை அதில் எங்கே சேர்ப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நூலில் கட்டியிருந்தால் கோணலாகவாவது ஓடியிருக்கும்.

மறுவாரம் புதிதாக அச்சிட்டு, பக்கத்திலேயே நின்று காய வைத்து எடுத்தேன். அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டு, கூடத்தில் ரயிலை ஓட விட்டேன். பச்சை, சிவப்பு எல்லாம் சேர்ந்தே வளைந்தன. அவள் கைதட்டிக்கொண்டு ரயிலுக்குப் பின்னாலேயே ஓடினாள். போனின் பக்கம் திரும்பவில்லை.

"இங்க படம் நின்னுருச்சு," என்றான் அண்ணன். "வளைவுல நிக்குது. அங்கிட்டு ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"பாப்பா சிரிக்கிறாளா?"

போனை அவள் பக்கம் திருப்பினேன். "சிரிக்கிறாண்ணே," என்றேன். அவனுக்குப் படம் அப்போதும் வளைவிலேயேதான் நின்றிருந்தது.