நுவரெலியா மண்

கினிகத்தேனையில் மழைக்கு ஒரு மரக்கறிக் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். ஹட்டன் பஸ்ஸைக் காணோம். கடைக்கார யோகம்மாவையும் என்னையும் தவிர ஆளில்லை. அவர் சாக்கிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து ஈரமண்ணில் புரட்டி அடுக்குகிறார்.

"பாகிஸ்தான் கெழங்குங்க. நுவரெலியா மண்ணு பூசினாத்தான் நம்ம ஊர்க் கெழங்குன்னு ஆளுங்க வாங்குவாங்க."

பாகிஸ்தானில் அந்தக் கிழங்கு விளையும் ஊரில், ரஷீத் என்ற விவசாயி வீட்டில் நான் முன்பு ஒருமுறை தங்கியிருக்கிறேன். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள் உழும் நிலம் அது. ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் இராணுவம். பல வருஷம் அந்த நாட்டை ஆண்டதும் அதே இராணுவம்தான் என்கிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த யோகம்மாவின் கை அப்படியே நிற்கிறது.

"எங்களுக்குத் தோட்டத்துத் தொரையோட பிரச்சினைன்னா யூனியன்காரங்க வருவாங்க, போலீஸ் வரும். அங்க பட்டாளமே தொரைன்னா, அந்தச் சனங்களுக்கு யாருங்க வருவா?"

ரஷீதின் ஊருக்கு ஆட்கள் வந்தார்கள். சோறும் சொர்க்கமும் தருவதாகச் சொல்லிக்கொண்டு, ஜிகாத் இயக்கத்தார் துப்பாக்கியோடு வந்தார்கள். ரஷீதின் மூத்த மகன் அவர்களோடு போய்விட்டான்.

அந்த வீட்டில் எனக்குக் கொடுத்த கட்டில் அவனுடையது.