மட்டைப் பைக்கு ஒரு சீட்டு

மழையில் மலையிலிருந்து போடிக்கு இறங்கிய ஜீப்பில், என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார் அவர். உள்ளே முழுக்க ஏலக்காய் மூட்டை. ஆட்கள் எல்லாரும் வெளியே. ஒல்லியான உடம்பு, ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தது. கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவருக்கு மட்டைப் பை தூக்குகிறவராம். இடுப்பில் தொங்கியது மட்டை துடைக்கிற துண்டாம். சீசன் முடிந்து ஊருக்கு வந்திருந்தார்.

"சீசன் பூரா ஊர் ஊரா எப்படிண்ணே போவீங்க? அவரு கார்லயா?"

"பைதான் தம்பி கார்ல போகும். பின்சீட்டுல வச்சு பெல்ட்டு போட்டுருவாரு. நான் பஸ்சு புடிச்சு, அவருக்கு முந்தி வெரசாப் போயி நிக்கணும்."

எனக்குக் கொதித்தது. "பைக்கு சீட்டு, உங்களுக்குக் கிடையாதா? கேக்க மாட்டீங்களா?"

அவர் சிரித்தார். அந்தக் கோபத்தை டிரைவர் மேல் காட்டினேன். "மூட்டையை வெளிய கட்டுய்யா, ஆளை உள்ள ஏத்து!"

"மூட்டை நனஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டாண்ணே. நீங்க நனஞ்சா காஞ்சுக்குவீங்க."

அவர் இடுப்புத் துண்டை உருவினார். முகத்தைத்தான் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையை உள்ளே நீட்டி, சாரல் பட்டிருந்த மூட்டையைப் பதமாகத் துடைத்துவிட்டார்.

டிரைவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தத் துண்டை இன்னும் மன்னிக்க முடியவில்லை.