யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரில்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் மாரிசெல்வி. கடல் உயிரியல் படித்து ஆய்வுக் கப்பலில் உதவியாளராகச் சேரும்வரை, கடல் அவளுக்குத் திருச்செந்தூரில் கால் நனைத்த அளவுக்குத்தான் பழக்கம்.

இந்தியப் பெருங்கடலின் நடுவே, எந்த நாட்டு எல்லைக்குள்ளும் வராத இடத்துக்கு அந்தக் கப்பல் போனது. அங்குள்ள உயிர்களை எடுத்துக் காட்டினால்தான் அந்தப் பகுதியைக் காப்பது பற்றி நாடுகள் கூடிப் பேச முடியும். சேகரிப்பு பாதி முடிந்தபோது ஃப்ரீசர் பழுதானது. அருகில் இருந்த ஒரே கப்பல், நம்மோடு முகம் கொடுத்துப் பேசாத நாட்டுடையது. அவர்களும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தார்கள். தங்கள் ஃப்ரீசரில் இடம் தருவதாக அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இரண்டு தலைநகரங்களும் யோசித்தன. இங்கே ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில், சேகரித்த உயிர்கள் இருந்த பெட்டிகளோடு ஒருவர் போய்ப் பயணம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. குழுத் தலைவி பிரேமலதா எல்லோரையும் பார்த்தார். மாரிசெல்வி கை தூக்கினாள்.

போகுமுன் அப்பா சங்கரபாண்டியனிடம் கப்பலின் சாட்டிலைட் போனில் சொன்னாள்.

“அவங்க கடலுக்கா போற மக்கா?”

“அங்கன யாரு கடலும் கிடையாதுப்பா. அதனாலதான் ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்.”

அங்கே சோற்றுக்கு என்ன செய்வாய் என்று மட்டும் அவர் கேட்டார்.

விடியலில் சிறு படகில் கடந்தாள். அலையே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடக்க, படகு எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. மடியில் பெட்டி சில்லிட்டது. தன் எடை குறைந்துவிட்டதைப்போல் இருந்தது அவளுக்கு.

எதிர்க் கப்பலில் பெட்டியைக் கைநீட்டி வாங்கியவள் ஷஹீரா. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலம்தான். அந்தி மங்கியதும் வலை மேலே வரும்; அதில் சிக்கிய உயிர்களின் நீல ஒளி சொட்டும். ஒருநாள் நுண்ணோக்கியின் கீழே ஓர் உயிர், உடம்பு முழுக்கக் கண்ணாடியாய், உள்ளே இதயம் மட்டும் துடித்தது. ஷஹீரா தன் மொழியில் மெல்ல ஏதோ சொன்னாள். மாரிசெல்வி அர்த்தம் கேட்கவில்லை. இருவரும் மாறி மாறிக் குனிந்து, அது ஓயும்வரை பார்த்தார்கள்.

அறிக்கை இரு நாட்டார் பெயரோடும் வெளிவந்தது. அந்தக் கடற்பகுதிக்குப் பாதுகாப்பு இன்னும் முடிவாகவில்லை, பேச்சு நடக்கிறது. ஆனால் இந்த ஆண்டு இரு நாட்டாரும் ஒரே கப்பலில் போகிறார்கள். மாரிசெல்வியின் அறையில் மேல்படுக்கை ஷஹீராவுக்கு.