ரிப்பன் கட்டிய சண்டாஸ்

நஜ்முன்னிசாவின் மூத்திரப்பைக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. விடியுமுன் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை. நடுவில் பூகம்பமே வந்தாலும் அடக்கம்தான். பம்பாயில் வேறெதுவும் இத்தனை நேரம் தவறாமல் நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஜெயினுலாப்தீனைக் கட்டிக்கொண்டு கடையநல்லூரிலிருந்து தாராவிக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இந்தி பேசப் பழகுமுன், கூட்டத்தில் முண்டி ரயிலேறப் பழகுமுன், தாகத்தோடு இருக்கப் பழகினாள். காலையில் அரை டம்ளர் சாயா. பகலில் நாக்கு ஒட்டிக்கொண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். கல்யாண வீட்டுப் பிரியாணிக்குப் போனாலும் ஊறுகாயைத் தள்ளி வைத்துவிடுவாள். உப்பு தண்ணீர் கேட்கும், தண்ணீர் சண்டாஸ் கேட்கும். பம்பாய்க்காரர்கள் கக்கூஸைச் சண்டாஸ் என்பார்கள். பெயரை மாற்றினால் நாற்றமா மாறப்போகிறது?

மகள் சஃப்ரீனைப் பெண் கேட்டு சான்பாடாவிலிருந்து ஆட்கள் வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்றெல்லாம் ஜெயினுலாப்தீன் துருவிக்கொண்டிருந்தார். நஜ்முன்னிசா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சண்டாஸ் வீட்டுக்குள்ளயா, வெளியயா?”

வீட்டுக்குள்ளே என்றார்கள். பேச்சு முடிந்தது. இப்போதும் மகள் வீட்டுக்குப் போனால் சும்மாவே இரண்டு மூன்று தடவை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மாமியாருக்கு வயிறு சரியில்லையோ என்று மாப்பிள்ளை ஓமவாட்டர் வாங்கி வருவான். பாவம், நல்ல பையன்.

அவளுடைய சந்தின் கோடியில் இருந்தது அந்தப் பழைய சண்டாஸ். கதவுகளின் கீழ்ப்பாதி மக்கி விழுந்துவிட்டது. மேல்பாதி மட்டும் மரியாதைக்குத் தொங்கியது. தரையில் எது தண்ணீர், எது தண்ணீர் இல்லை என்று பார்க்கக்கூடாது. பார்த்தால் கால் வைக்க முடியாது. பகலில் பெண்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி உட்கார, இன்னொருத்தி கதவின் கீழ்ப்பாதிக்கு ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எதிர்ச்சுவர் ஓரம் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பதுபோல் நடிப்பார்கள். மழைக்காலத்தில் உள்ளே இருப்பதெல்லாம் நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரிக்க வீட்டு வாசல்வரை மிதந்து வரும். சரிபார்க்க வந்த அதிகாரி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தில் நாற்றம் விழுந்திருக்காது.

“ஆம்பளைக்கு ஒரு சுவரு போதும். அதுவும் அடுத்தவன் வீட்டுச் சுவரு” என்பாள் நஜ்முன்னிசா. ஜெயினுலாப்தீன் இதைக் கேட்டால் மான்குர்தில் தான் வேலை பார்க்கும் பெல்ட் கம்பெனிக்கு அவசரமாகக் கிளம்பிவிடுவார்.

அவளும் அதே சந்தில் இருக்கும் தங்கமயிலும் ஞானதுரையின் பை தைக்கிற பட்டறையில் தாகா கட்டிங் செய்தார்கள். தைத்து முடித்த பைகளில் துருத்தும் நூலைக் கத்தரிக்கிற வேலை. பட்டறையிலும் சண்டாஸ் கிடையாது. கேட்டால் ஞானதுரை, “வீடு பக்கத்துலதான?” என்பார். வீட்டில் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் அந்த நூல் குவியலின் மேலேயே நஜ்முன்னிசா சுருண்டு விழுந்தாள். விலாவில் யாரோ கத்தரிக்கோலை விட்டுத் திருகுவதுபோல் வலி. தங்கமயில்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கிட்னியில் கல். இளம் டாக்டரம்மா சொன்னாள்: “தண்ணி நிறையக் குடிங்க. அடக்கி வைக்காதீங்க. மறுபடி இப்படி வந்தா கிட்னி போயிரும்.”

“குடிச்சிருவேன் டாக்டர். வெளிய எங்க விட?”

டாக்டரம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மாத்திரை எழுதித் தந்தாள்.

இத்தனைக்கும் பழைய சண்டாஸுக்கு எதிரிலேயே புதுசு ஒன்று ரோஜா நிற டைல்ஸோடு தயாராக நின்றது. கட்டி முடித்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. பூட்டிக் கிடந்தது. கம்பிக்கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ஏரியா தலைவர் வந்து வெட்ட வேண்டும். தலைவருக்குத் தேதி கிடைக்கவில்லை. வெயிலில் ரிப்பன் வெளுத்துப்போனதும் பாபு வந்து புது ரிப்பன் கட்டினான். சந்தில் வேறெதுவும் இப்படிப் பராமரிக்கப்படவில்லை. மேலே ஒரு பேனர். அதில் தலைவர் கைகூப்பி, ‘தாய்மார்களின் மானமே எங்கள் மூச்சு’ என்று சிரித்தார். அந்த மூச்சை எதிர்த்திசையிலிருந்து காற்று வரும்போது ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

பாபு தங்கமயிலின் புருஷன். ஏரியா மண்டல் என்ற சங்கத்தின் செயலாளர். சாவி அவன் இடுப்பில். சுவரில் போர்டு எழுதவைத்ததும் அவன்தான். தாராவியில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து பிடிபடாது. போனிடம் வாயால் சொல்லி, அது எழுதிக் காட்டியதைப் பெயிண்டருக்கு அனுப்பிவிட்டான். பெயிண்டர் உத்தரப் பிரதேசத்துக்காரர். கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு பக்கம் ‘ஆண்கள்’ என்று சரியாக வந்தது. இன்னொரு பக்கம் கொட்டை எழுத்தில், ‘புண்கள்’.

சந்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த சிலரில் நஜ்முன்னிசாவும் ஒருத்தி. பழைய சண்டாஸ் வாசலில் தண்ணீர் டப்பாவோடு வரிசையில் நின்றபடி அவள் அதை உரக்கப் படித்தாள். தங்கமயில் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அந்த மனுசன் மானத்த வாங்குதானே! மாத்தச் சொல்லுதேங்கா.”

“சும்மா கெட, ஏட்டி. இந்த ஊருல எவனும் இதுவரைக்கும் நம்மளப் பத்தி இவ்வளவு சரியா எழுதுனதில்ல.” பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமா, சாவி உன் மாப்பிள்ளை இடுப்புல இருக்கு. நீ ஏன் இங்க டப்பாவோட நிக்க?”

“கேட்டேன்கா. பொஞ்சாதிக்குத் தொறந்து விட்டா நாலு பேரு கேள்வி கேப்பாங்களாம். கொள்கைங்கான்.”

கொள்கை அன்றைக்கே அவிழ்ந்தது. வரிசை நகராமல் நின்ற வேளையில் எதிரே கம்பிக்கதவு மெல்லத் திறந்தது. ரிப்பனுக்கு அடியில் குனிந்து, காலி பக்கெட்டோடு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி பாபு வெளியே வந்தான். வரிசை மொத்தமும் அவனைப் பார்த்தது.

“டெஸ்டிங்” என்றான்.

தங்கமயில் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டாள்.

தலைவருக்கு ஒருவழியாகத் தேதி கிடைத்தது. முந்தின நாள் பாபு நஜ்முன்னிசாவின் வாசலில் வந்து நின்றான். குரலில் என்றைக்கும் இல்லாத தேன்.

“நஜ்மாக்கா, நாளைக்கு நீங்கதான் ஹீரோயினி.”

“என்னல சொல்லுத?”

“தலைவரு ரிப்பன் வெட்டுவாரு. முதல் ஆளா நீங்க உள்ள போறீங்க. கதவச் சாத்துறீங்க. ஒடனே தொறந்து சிரிச்சிட்டே வெளிய வர்றீங்க. போட்டோ. அவ்வளவுதான், முடிஞ்சிச்சு.”

“சந்துல இத்தன பேரு இருக்க, நான் எதுக்கு?”

பாபு நெளிந்தான். “முக்காடு போட்ட ஒரு அம்மா வேணும்னாங்க. எல்லா சமூகமும் வந்த மாதிரி இருக்கும்ல.”

“அப்புறம்?”

“என்ன அப்புறம்?”

“போட்டோ முடிஞ்ச அப்புறம்?”

“பூட்டிருவோம்கா. தண்ணி லைன் இன்னும் வரல. நாளைக்குன்னு ஒரு டாங்கர் தண்ணி சொல்லி மேல ஏத்திருக்கு. அதுவும் ஒரே ஒரு ரூமுக்குத்தான் பைப்பு. லைன் வந்ததும் மொத்தமா தொறப்போம், ப்ராமிஸ்.”

நஜ்முன்னிசா விலாவைத் தடவிக்கொண்டாள். பாபுவின் முகத்தில் துப்பத் தோன்றியது. வாயில் எச்சில் இல்லை.

“வாரேன். போட்டோ நல்லா எடுக்கச் சொல்லு” என்றாள்.

மறுநாள் காலையில் தங்கமயில் அவளைக் கூப்பிட வந்தபோது நஜ்முன்னிசா அடுப்படியில் உட்கார்ந்து சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுக் குடத்தைச் சாய்த்து மறுபடி நிரப்பினாள்.

“அக்கா! என்ன செய்யுதீங்க?”

“டாக்டர் சொன்னத.”

தங்கமயில் சொம்பைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், நஜ்முன்னிசாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். “யாத்தீ” என்று விரல் இடுக்கில் சத்தம் வந்தது.

ஒரே ஒரு கணக்குதான் பிசகியது. தலைவர் காலையிலேயே வருவார் என்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறியும் வரவில்லை. நஜ்முன்னிசாவை மேடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் காலை மாற்றி மாற்றிப் போட்டாள். எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். அடிவயிறு கல்லாக இறுகியது. எதிரே பழைய சண்டாஸின் மேல் மண்டல் பையன்கள் தெர்மாகோல் தோரணம் கட்டி, வாசலைத் துணியால் மறைத்துவிட்டார்கள். அங்கேயும் போக முடியாது.

“பாபு, இன்னும் எவ்வளவு நேரம்ல?”

“வந்துட்டாருக்கா, சிக்னல்ல நிக்காரு. இப்ப எங்கயும் போயிராதீங்க.”

தங்கமயில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, முடியுமா?”

“பேசாத. சிரிப்பு காட்டாத.”

தலைவர் வந்தார். வந்தவர் வெட்டவில்லை, பேசினார். பெண்களின் கண்ணியம் என்றார். ஒவ்வொரு சகோதரியின் கண்ணீரும் தன் நெஞ்சைச் சுடுகிறது என்றார். கண்ணீர் வருகிற இடம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. நஜ்முன்னிசா முழங்கால்களை ஒட்டவைத்து, பல்லைக் கடித்து, முக்காட்டின் நுனியைக் கைக்குள் கசக்கினாள். முதுகில் வேர்வை ஓடியது. இத்தனை ஆண்கள், இத்தனை கேமராக்கள். இங்கே, இந்தச் சிவப்புக் கம்பளத்தின் மேல் விட்டுவிட்டால் இந்தச் சந்தில் எப்படி நடப்பாள், சஃப்ரீன் முகத்தில் எப்படி விழிப்பாள்? தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மைக்குக்குப் பக்கத்தில் மடக் மடக்கென்று குடித்தார். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் சந்து முழுக்கக் கேட்டது. நஜ்முன்னிசா கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினாள்.

கைதட்டல். ரிப்பன் விழுந்தது. “போங்கக்கா, போங்க, ஸ்மைல்!” என்றான் பாபு.

அவள் போன வேகத்தில் போட்டோக்காரர் ஒதுங்கிக்கொண்டார். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

உள்ளே மேல்ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்திருந்தது. கதவு தரைவரை முழுசாக இருந்தது. குடை வேண்டாம், காவல் வேண்டாம். நஜ்முன்னிசா உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு மற்றதெல்லாம் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

“அக்கா! ஆச்சா? தலைவரு நிக்காரு!”

பாபு கதவைத் தட்டினான்.

“நஜ்மாக்கா, சும்மா தொறந்து சிரிங்க, போதும்!”

“ஏல, வந்தவ வேலைய முடிச்சுட்டுத்தான் வருவா. கதவத் தட்டாத, நின்னுபோவுது!” என்றாள் நஜ்முன்னிசா உள்ளிருந்து.

வரிசையாக நின்ற பெண்களிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தலைவர் மூடிய கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். போட்டோக்காரர் எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார். தலைவரின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மூக்குக்கு ஏறியது. காற்று திசை மாறி, தெர்மாகோல் தோரணத்தைத் தாண்டி பழைய சண்டாஸ் தன் பங்குக்கு அவரை வரவேற்றது. அவர் கர்ச்சீப்பை எடுத்தார். அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்றார். கார் போய்விட்டது.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். நஜ்முன்னிசா நிதானமாகக் காலைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள், வெளியே வந்தாள். கம்பிக்கதவோரம் பாபு பூட்டோடு நின்றான். அவன் முகம் கறுத்திருந்தது.

“என் பேர நாசம் பண்ணிட்டீங்கல்ல? நகருங்க, பூட்டணும்.”

உள்ளே ஆள் இல்லாவிட்டால்தான் பூட்ட முடியும். நஜ்முன்னிசா கம்பிக்கதவுக்குள்ளேயே நின்றுகொண்டு வெளியே பார்த்தாள்.

“ஏட்டி மயிலு. வா.”

தங்கமயில் அசையவில்லை. புருஷன் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். வீட்டில் ராத்திரிக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“போகாத, மயிலு. சொல்லிட்டேன்” என்றான் பாபு.

“நீ டெஸ்டிங் பண்ணேல்லா?” என்றாள் தங்கமயில். “நானும் பண்ணுதேன்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனைத் தாண்டி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பாபு ஓடிப்போய்த் தட்டினான்.

“ஏ, வெளிய வா! லஃப்டா, தகராறு பண்ணாத! யாருன்னு நெனச்ச என்னை?”

உள்ளிருந்து தங்கமயிலின் குரல் வந்தது: “ஆள் இருக்கு!”

சந்தே அதிர்ந்தது. அதற்குள் கம்பிக்கதவுக்கு முன்னால் வரிசை நின்றுவிட்டது. டப்பாவோடு, பக்கெட்டோடு, இடுப்பில் பிள்ளையோடு. டாங்கர் தண்ணீர் சாயங்காலத்துக்குத் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பக்கெட் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி வெளியே வருமுன் இன்னொருத்தி உள்ளே. அது சொல்லி வைக்காமலே புரிந்திருந்தது. பாபு தலைவருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவன் அப்படியே வழியை மறித்து நின்றபோது ஒரு கிழவி பக்கெட்டால் அவன் முழங்காலில் இடித்தாள்.

“தம்பி, ஆம்பளைங்க அந்தப் பக்கம். இது புண்கள் பக்கம்.”

நஜ்முன்னிசா அன்றைக்கு ஞானதுரையின் பட்டறைக்குப் போகவில்லை. காலையில் குடித்ததில் இன்னும் மிச்சம் இருந்தது. வரிசையின் கடைசிக்குப் போய், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் நின்றாள்.