மலையிறக்கத்தில் ஒரு செபமாலை

கிறிஸ்துநாயகம் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைத் திருத்துகிறவர். மன்னார் பேசாலையில் பிறந்து, ஜெர்மனியில் ஒன்பது வருடம் இருந்து, அங்கேயே தொழிலைப் பார்த்துப் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து மோர்டனில் வீடு வாங்கியவர். பாய்லர் சரிவராது என்றால் மூடியைக் கழற்றிய உடனேயே சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் முகம் சுருங்குமே என்று பார்க்கமாட்டார். அதனாலேயே பலர் அவரைத் தேடி வந்தார்கள். அதனாலேயே சிலர் வராமலும் விட்டார்கள்.

கோயில் பங்கில் செபம் சொல்வதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரல் பெரிதில்லை. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கமாட்டார்.

மனைவி பெர்னடெற்றுக்கு ஒரே தம்பி, கொட்வின். தாய் இறந்தபோது அவன் இன்னும் சரியாக நடக்கப் பழகவில்லை. வளர்த்தது பெர்னடெற்தான். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அந்த இடத்திலும் அவனே இருந்தான். 2009 தொடங்கும்போது கொட்வின் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். ஜனவரியில் வந்த தொலைபேசிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஊரிலுள்ள மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் கேட்க வழியில்லை. பார்சலோனாவுக்குப் பக்கத்து மலையில் கறுத்த மாதா ஒருவர் இருக்கிறார், மொன்செராட் என்று பெயர், போய் வந்த தமிழ்ச் சனம் கேட்டது கிடைத்தது என்கிறது என்று பெர்னடெற் யாரிடமோ கேள்விப்பட்டார். ஏப்ரலில் ஒரு வார இறுதிக்கு மலிவாக டிக்கெட் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மலை, சனிக்கிழமை கடற்கரை, ஞாயிறு திரும்புவது. கடற்கரை கிறிஸ்துநாயகத்தின் யோசனை. ஒவ்வொரு நாளும் போரை நிறுத்தக் கேட்டு லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நடந்த போராட்டத்துக்குப் போய்க் குளிரில் நின்று பெர்னடெற் மெலிந்துபோயிருந்தார். கொஞ்சம் வெயில் படட்டும் என்று நினைத்தார்.

பயணத்துக்கு முதல் நாள், வியாழன் மத்தியானம், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டுக் குசினியில் அவர் பாய்லரைப் பிரித்து வைத்திருந்தபோது மெற்றில்டா தொலைபேசி எடுத்தார். பெர்னடெற்றின் பெரியம்மா மகள். வன்னியிலிருந்து தப்பி வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் பாரிசிலுள்ள உறவினரோடு பேசியிருக்கிறார். செல் குண்டு விழுந்து கொட்வின் இறந்து இரண்டு வாரமாகிறது. பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்திலேயே தன் கையால் புதைத்துவிட்டு வந்ததாக அந்த ஆள் சொல்லியிருக்கிறார். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பயணத்தை நிற்பாட்டவா என்று கிறிஸ்துநாயகம் கேட்டார். நிற்பாட்டினால் பெர்னடெற்றுக்குக் காரணத்தை இன்றைக்கே சொல்லவேண்டும் என்றார் மெற்றில்டா.

"மாதாவுக்கு முன்னால வைச்சுச் சொல்லுங்கோ, நாயகம். அங்கையெண்டா அவள் தாங்குவள். ஏலாட்டி விடுங்கோ, ஞாயிறு நாங்கள் வீட்டில நிண்டு சொல்லுறம்."

அவர்கள் வீட்டைத் திறக்க ஒரு திறப்பு மெற்றில்டாவிடம் இருந்தது. கிறிஸ்துநாயகம் பாய்லரைப் பூட்டி முடித்துவிட்டு, அதற்குப் பிறகும் வெளியே நின்ற தன் வான் வண்டிக்குள் இருந்துவிட்டு, பெர்னடெற் படுத்தபின் வீட்டுக்குப் போனார்.

பார்சலோனாவில் வாடகைக்கார் எடுத்தார்கள். ஜெர்மனியில் பழகியதால் வலப்பக்கம் ஓடுவது அவருக்குச் சிரமமில்லை. ஆனாலும் மலைப்பாதையில் அவர் மெதுவாகவே ஓட்டியதால் பின்னால் கார்கள் வரிசைகட்டி ஹோர்ன் அடித்தன.

"எங்கட கலியாணக் காரையும் உப்பிடித்தான் உருட்டினவங்கள்," என்றார் பெர்னடெற். "பின்னால வாறவன் உங்களைத் திட்டுறான். பாஷை விளங்காதது உங்கட அதிர்ஷ்டம்."

அவர் சிரித்தார். பாதை ஓரத்தில் நிறுத்தி, கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டார்கள். பல்லுப் பல்லாக நிற்கும் பாறைகளுக்கு முன்னால் பெர்னடெற் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தார்.

கோயிலில் படியேறி வரிசையில் போய், மாதாவின் கையிலுள்ள உருண்டையைத் தொடவேண்டும். பெர்னடெற் தொட்ட கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள். பிறகு கீழே வந்து வெறுந்தரையில் முழங்காலில் நின்றார். வாயசைவைப் பார்த்தே என்ன கேட்கிறார் என்று கிறிஸ்துநாயகத்துக்குத் தெரிந்தது. உயிரோடு வெளியே எடுத்துத் தாரும். ஒரு கை, கால் போனாலும் பரவாயில்லை, நான் பார்க்கிறேன்.

இப்போது சொல்லவேண்டும் என்று பக்கத்தில் முழங்காலிட்டார். மனைவி கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த பெர்னடெற்றின் முகம் பல மாதங்களுக்குப் பிறகு தெளிந்திருந்தது. பசிக்குது என்றார். அந்த இரவு அங்கேயே ஒரு அறையில் தங்கினார்கள். பெர்னடெற் நன்றாக நித்திரை கொண்டார்.

சனி காலை மலையிறங்கினார்கள். காரில் தூரப் பயணம் என்றால் செபமாலை சொல்வது வழக்கம். ஒவ்வொரு மந்திரத்திலும் அவர் முதல் பாதி, பெர்னடெற் மறுபாதி. ஐம்பது மணியும் ஒழுங்காகப் போயின. முடிவில் ஆபத்தில் இருப்பவர்களுக்காக ஒரு மந்திரம், பிறகு இறந்த ஆன்மாக்களுக்காக ஒன்று. ஜனவரியிலிருந்து முதலாவதில் "விசேஷமாகக் கொட்வினுக்காக" என்று சொல்லிவந்தார்.

மனைவியிடம் இரண்டு நாள் மறைத்தவருக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. செத்தவனைக் காப்பாற்றும் என்று மாதாவிடம் எப்படிக் கேட்பது? "ஆபத்தில் இருக்கிற எல்லோருக்காகவும்," என்று சொல்லி, பெயர் சொல்லாமலே "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி, தன் பாதியை முடித்தார்.

மறுபாதி வரவில்லை. கார் இரண்டு வளைவு திரும்பியது. அவர் பாதையை மட்டும் பார்த்தார்.

"மற்றதையும் சொல்லுங்கோ," என்றார் பெர்னடெற். "ஆன்மாக்களுக்கு. பேரோட சொல்லுங்கோ."

அவர் பெர்னடெற்றின் தகப்பனின் பெயரைச் சொன்னார். தாயின் பெயரைச் சொன்னார். பிறகு கொட்வின் என்றார். மந்திரத்தின் முதல் பாதியை முழுதாகச் சொன்னார். பெர்னடெற் மறுபாதியை முழுதாகச் சொன்னார். ஆமென் சொல்லி, சிலுவை அடையாளம் வரைந்து, செபமாலையைப் பைக்குள் வைத்தார்.

கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கிறிஸ்துநாயகம் பார்க்கிங்குக்குச் சீட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். கரையில் பிள்ளைகள் விளையாடின. இருவரும் ஒரு சுவரில் குந்தியிருந்தார்கள். பெர்னடெற் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்ப, எப்பிடி, ஆர் புதைச்சது. மெற்றில்டா அக்காவுக்குத் தெரியுமோ, சதுக்கத்துக்கு வாற ஆக்களுக்குத் தெரியுமோ. எல்லாவற்றுக்கும் அவர் உள்ளதைச் சொன்னார்.

"அப்ப, நேற்று நான் முழங்காலில நிண்டு கேக்கேக்க உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"கேக்க விட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"நீர் கேட்டு முடியட்டும் எண்டு..."

"காலில்லாட்டியும் பரவாயில்லையெண்டு கேட்டனான்," என்றார் பெர்னடெற். "இல்லாதவன்ர காலை வைச்சுப் பேரம் பேசியிருக்கிறன்."

அந்த இரவு ஹோட்டல் அறையில் பெர்னடெற் அழுதார். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார்கள். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார். கிறிஸ்துநாயகம் தொடப்போனபோது கையைத் தட்டிவிட்டார்.

ஞாயிறு விமானத்தில் ஒரேயொரு விடயம் சொன்னார். "வீட்ட சனம் நிக்கும். எனக்கு அங்கயே தெரிஞ்சதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தம்பி செத்தது தெரிஞ்சும் கடற்கரையில இருந்திட்டு வந்தவையெண்டு கதைப்பினம்."

வாசலில் சப்பாத்துகள் நிறைந்திருந்தன. உள்ளே மெற்றில்டா வந்து பெர்னடெற்றைக் கட்டிப்பிடித்து, யோசித்து வைத்திருந்த மாதிரியே மெதுவாகச் சொன்னார். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். பெர்னடெற் அழுவதற்கு முயன்றது கிறிஸ்துநாயகத்துக்குத் தெரிந்தது. முகம் கோணியது, கண்ணீர் வரவில்லை. "ஓம் அக்கா," என்றார். திரும்பவும் "ஓம் அக்கா" என்றார்.

கல்லு மாதிரி நிக்கிறாள் என்று யாரோ ஒரு பெண் பின்னால் முணுமுணுத்தார். மெற்றில்டா கிறிஸ்துநாயகத்தைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோனார்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பங்கில் கொட்வினுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். வளர்த்த தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்ற கதை அதற்குள் பங்கு முழுக்கப் பரவியிருந்தது. மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றிய இடத்தில், கிறிஸ்துநாயகம் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமலே இரண்டு பேர் அதைப் பேசினார்கள். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போனார்.