லூர்துக்குப் போகிற வழியில் ஒரு மிடறு

பஸ் ஓட்டுகிற வேலையைக் குடியால் இழந்தவர், ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருக்கிற சூசைரட்ணம். போன வருடம் லூர்து மாதாவிடம், இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று நேர்ந்தார்; தொடவுமில்லை. நன்றி சொல்ல இந்த வருடமும் ஒஸ்லோத் தமிழ்ச் சனத்தோடு பஸ்ஸில் லூர்துக்குப் புறப்பட்டார். வழியில், பிரான்சின் போர்தோவில் ஒரு வைன் தோட்டத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

வாரிவிட்ட தலைமயிர்போலத் திராட்சை நிரைகள் ஆற்றங்கரை வரைக்கும் இறங்கிக் கிடந்தன. அவருக்கும் கண் குளிர்ந்ததுதான். உள்ளே போனால், சனம் ருசி பார்க்கவென்று வைனை வாயில் வைத்துக் கொப்புளித்து வாளிக்குள் துப்பிக்கொண்டு நிற்கிறது.

மனைவியின் தம்பி ஜோர்ஜ் ஒரு கிளாசை நீட்டினான். "பிடியுங்கோ அத்தான். துப்பினால் குடிச்சதாகாது. நேர்த்தியும் முறியாது."

சூசைரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாதாவோடையும் சட்டம் கதைக்கிறியோடா? தொடமாட்டன் எண்டு சொன்னனான், விழுங்கமாட்டன் எண்டோ சொன்னனான்? ஒரு வருசமாய் இந்த நாக்கைக் கட்டி வைச்சிருக்கிறன். ருசியைக் காட்டிப்போட்டுத் துப்பு எண்டால் அது கேக்குமோ?"

"சும்மா பகிடிக்குச் சொன்னனான், அத்தான்."

"குடிகாரனோடை விடுற பகிடியோ இது?"

விறுவிறென்று வெளியே வந்தார். பின்னாலேயே மனைவி அருள்ராணி ஓடிவந்தாள்.

"நீ ஏன் வாறாய்? நிண்டு குடிச்சுப்போட்டு வாவன்."

"அவன்ரை கிளாசைப் பறிச்சு வாளிக்குள்ளை ஊத்திப்போட்டு வாறன். நடவுங்கோ."